மணியோசை கேட்டு ஓடிவந்த பிள்ளைகள்



டிசம்பர் 3-ஆம் நாள் நாம் விழாக் கொண்டாடும் புனித பிரான்சிஸ் சவேரியாரை, ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்த மறைபரப்பாளராகவே பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்து அவரது கை சோர்ந்துபோனதை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் முத்துக்குளித்துறையில் அவருக்குக் காத்திருந்த முக்கியமான பணி வேறு. ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தும் தங்கள் விசுவாசம் இன்னதென்று அறியாதிருந்த மக்களுக்கு அதைக் கற்பிப்பதே அந்தப் பணி. அதற்கு அவர் தேர்ந்துகொண்ட துணையாளர்கள் சிறு பிள்ளைகள்!

சவேரியார் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டில், சவேரியார் கோட்டையில் பிறந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கற்றார், பின்னர் அங்கேயே மெய்யியல் கற்பித்தார். அவருடன் அறையில் தங்கியிருந்த புனித இஞ்ஞாசியாரே அவரது வாழ்வின் திசையை மாற்றினார். 1534-இல் மோன்மார்த்ர் குன்றில் இருவரும் தோழர்களுடன் வார்த்தைப்பாடு கொடுத்தனர். 1542 மே மாதம் கோவா வந்து சேர்ந்த சவேரியார், கையில் சிறு மணியை ஏந்தித் தெருத்தெருவாக நடந்து, பிள்ளைகளையும் அடிமைகளையும் மறைக்கல்விக்கு அழைத்தார். பாரிஸ் பேராசிரியர் ஒருவருக்கு இது எத்தகைய இறக்கம்! ஆனால் அவர் அதை இறக்கமாகக் கருதவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவ மக்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். முத்துக்குளிக்கும் உரிமை குறித்த போராட்டத்தில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. திருமுழுக்கு கிடைத்தது, பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் அவர்களுடைய மொழியில் மறையுண்மைகளை எடுத்துச்சொல்ல ஆள் கிடைக்கவில்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்ல அவர்களால் இயலவில்லை. அந்த நிலை அப்படியே தொடர்ந்திருந்தால், ஒரு தலைமுறையிலேயே விசுவாசம் வெறும் பெயராகக் கரைந்திருக்கும்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரை அமர்த்தி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் ஆகியவற்றைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்திருந்தது! தவற்றை அறிந்ததும் சவேரியார் தயங்காமல் திருத்தினார். உடன் உழைத்த மன்சிலாசுக்கும் திருத்தச் சொல்லி எழுதினார். முழுமையான அறிவு வந்த பிறகுதான் கற்பிப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஊர் ஊராக மணியடித்துச் சென்றார். நாள்தோறும் இருமுறை பிள்ளைகளைக் கூட்டினார். தாங்கள் கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும், அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார். நோயாளிகளைப் பார்க்கவரும்படி பல ஊர்களிலிருந்து அழைப்பு வந்தபோது, எல்லா இடத்திற்கும் அவரால் போக முடியவில்லை. செபங்களை அறிந்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் அந்த வீட்டாரைக் கூட்டி, நோயாளியின் அருகில் நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி மன்றாடினர். உண்ணவும் உறங்கவும் செபிக்கவும் நேரம் விடாமல் பிள்ளைகள் தம்மைச் சூழ்ந்துகொண்டதை அவரே உரோமையிலிருந்த தோழர்களுக்கு 1544 சனவரியில் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார்.

அக்காலத்து முறைகள் அனைத்தும் இன்று நமக்கு ஏற்புடையவை அல்ல. சிலைகளை உடைக்கப் பிள்ளைகளைத் தூண்டியதை நாம் பின்பற்ற இயலாது. பிற சமயத்தாரை மதிக்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நமக்குக் கற்பித்தது. ஆனால் பிள்ளைகள்மீது அவர் வைத்த நம்பிக்கை இன்றும் நமக்குப் பாடமே.

தாம் அங்கே நிலையாகத் தங்கப்போவதில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். எனவே ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பொற்பணம், அரசியின் இசைவோடு அவர்களுடைய ஊதியமாயிற்று. 1544-இல் வடுகர் படை கடற்கரை ஊர்களைத் தாக்கியபோது, குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்திருந்த மக்களுக்கு உணவும் நீரும் ஏற்றிய தோணிகளோடு விரைந்தார். கற்பித்தவரின் அன்பை மக்கள் கண்டனர். எனவே அவர் கற்பித்ததும் அவர்கள் உள்ளத்தில் தங்கியது.

1545-இல் அவர் மலாக்கா நோக்கிப் புறப்பட்டார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள், சீனாவின் வாயிலான சான்சியான் தீவில் உயிர்நீத்தார். அவர் தொடங்கியதை அருள்தந்தை அன்றிக் அன்றிக்கஸ் தொடர்ந்தார். 1547 முதல் 1600-இல் இறக்கும்வரை அந்தக் கரையிலேயே உழைத்தார். தமிழைச் செம்மையாகக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அவர் அச்சேற்றிய தம்பிரான் வணக்கம், 16 பக்கங்கள் கொண்ட மறைக்கல்வி நூலே.

சோதனை 1658-இல் வந்தது. தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர், ஆலயங்களைப் பறித்தனர். ஆனால் பரதவ மக்கள் கத்தோலிக்க விசுவாசத்தை விடவில்லை. திருமுழுக்கின்போது செபம் ஒன்றும் அறியாதிருந்த அந்தச் சமூகம், ஒரு நூற்றாண்டுக்குப்பின் குருக்களும் கோவிலும் பறிபோன நாள்களிலும் உறுதியாய் நின்றது. வீடுகளில் ஒலித்த செபம் அதைத் தாங்கிப் பிடித்தது என்றே சொல்லவேண்டும்.

அன்புக்குரியவர்களே, இன்று நம் பங்குகளில் மறைக்கல்வி நூல்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, தேர்வும் பரிசும் உண்டு. ஆனால் ஞாயிறு வகுப்பில் கற்றதைப் பிள்ளை வீட்டில் சொல்ல முற்படும்போது கேட்பதற்கு ஆள் இருக்கிறதா? இரவு செபத்தை முன்னின்று சொல்ல அதற்கு இடம் தருகிறோமா? நோயுற்ற தாத்தாவின் கட்டிலருகே நின்று செபிக்கும்படி நம் பேரப்பிள்ளையிடம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? உறுதிபூசுதலோடு மறைக்கல்வி முடிந்தது என்று பிள்ளைகள் எண்ணுவதற்கு, அதன்பின் நாம் அவர்களுக்கு எந்தப் பொறுப்பும் தராததும் காரணம் அல்லவா?

இவ்வாண்டு சவேரியார் விழாவுக்குள் ஒரு சிறு முயற்சியை மேற்கொள்வோம். ஒருநாள் இரவு செபத்தை வீட்டின் கடைக்குட்டியிடம் ஒப்படைப்போம். தட்டுத்தடுமாறினாலும் குறுக்கிடாமல் கேட்போம்; அதன் குரலோடு நம் குரலையும் சேர்ப்போம். புனித சவேரியார் நம் குடும்பங்களுக்காக இறைவனிடம் மன்றாடுவாராக.