எண்ணெய்க் கறை படிந்த கரம்

பள்ளிப் படிப்பை முடித்த மகன், தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து பிட்டர் ஆகிறேன், வெல்டர் ஆகிறேன் என்றால், பெற்றவர் முகம் வாடுகிறது. பட்டறையிலே வியர்வை சிந்தி மகனை வளர்த்தவர்தான் அவரும்! ஆயினும் மகனின் சட்டையில் கறை படியக்கூடாதென ஏங்குகிறார். அந்த ஏக்கத்தை நாம் பழிக்கமாட்டோம். கைத்தொழிலைக் கீழ்த்தொழிலென்று காலமெல்லாம் சொல்லிவைத்த சமுதாயம் தந்த வடு அது. அந்த வடு ஆற, ஒரு தொழிலாளியின் வரலாற்றை நினைவூட்டுகிறோம்.

இங்கிலாந்தில், வைலம் என்னும் சிற்றூரில், 1781-ல் பிறந்தார் ஜார்ஜ் ஸ்டீவன்சன். தந்தை, நிலக்கரிச் சுரங்கத்தின் நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் கரி அள்ளிப் போடுபவர். ஏடு தூக்கும் வயதில் மகன் மாடு மேய்த்தான்; வளர்ந்ததும் தந்தையைப்போல் கரி அள்ளினான். 17 வயதில் இயந்திரம் ஒன்று அவன் பொறுப்பில் வந்தது. ஓய்வு நேரத்தில் அதைக் கழற்றினான், துடைத்தான், மீண்டும் பூட்டினான். எழுத்தறிந்ததோ 18 வயதுக்குப் பிறகு, இரவுப் பள்ளியிலே! செருப்புத் தைத்தும் கடிகாரம் பழுது பார்த்தும் காசு சேர்த்தான்.

கில்லிங்வொர்த் சுரங்கத்து இயந்திரமொன்று நீரிறைக்க மறுத்தது. வல்லுநர் முயன்றனர், தோற்றனர். 1811-ல் ஸ்டீவன்சன் கைவைத்தார். சில நாட்களில் சுரங்கத்து நீர் வற்றியது. 1814-ல் கரிவண்டிகளை இழுக்கும் நீராவி எஞ்சினையே செய்து ஓட்டினார்.

சுரங்கத்தில் வாயு தீப்பற்றித் தொழிலாளர் மாண்டனர். 1815-ல், தீங்கிழைக்காத விளக்கொன்றைச் செய்து, வாயு நிறைந்த இடத்துக்குத் தாமே ஏந்திச் சென்று சோதித்தார். அதே ஆண்டில் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியும் ஒரு விளக்கைச் செய்தார். டேவிக்கு 2,000 பவுன் பரிசு. ஸ்டீவன்சனுக்கு 100 கினி! படிக்காத சுரங்கத் தொழிலாளி இதைக் கண்டிருக்க முடியுமா என்ற ஏளனம் வேறு. இருவருக்கும் சம உரிமை உண்டென நாடாளுமன்றக் குழு ஒப்பியது 1833-ல்தான்.

லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதைக்கு அனுமதி கேட்டு, 1825-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றார். வழக்கறிஞர்கள் மடக்கினர், நாட்டுப்புறப் பேச்சைக் கண்டு நகைத்தனர். அளவையில் பிழைகள் வெளிப்பட்டன. மசோதா வீழ்ந்தது, பதவியும் போனது. கலங்கினாரில்லை. மறு ஆண்டே மீண்டும் அழைக்கப்பட்டார். சாட் மாஸ் என்னும் சதுப்பு நிலத்திலே, புதரும் சுள்ளியும் பரப்பி, அதன்மேல் பாதையை மிதக்கவிட்டார். 1830-ல் ரயில் ஓடியது, இன்றும் ஓடுகிறது!

தொழில் கற்பதென்றால் ஏட்டைத் துறப்பதா? இல்லை. மகன் ராபர்ட்டைப் பள்ளிக்கு அனுப்பினார். அவன் பாடத்தைத் தாமும் படித்தார். 1829-ல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற 'ராக்கெட்' எஞ்சின், அந்த மகனின் தொழிற்சாலையிலே உருவானது.

தந்தை தொழிலை மகன் கற்கவேண்டுமென்ற 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தை நாம் எதிர்த்தோம். பிறப்பு சுமத்தும் தொழில் விலங்கு. விரும்பிக் கற்ற தொழிலோ வாழ்வுக்குத் துணை. ஆகவே தோழர்களே, மகன் ஸ்பேனரைத் தேர்ந்தெடுத்தால் தலை குனியாதீர்! புத்தகத்தையும் கூடவே வாங்கிக் கொடுங்கள்!