காற்றை அளந்த ஆசிரியர்

காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயரிட்டு வழங்கியவர்கள் நம் முன்னோர்கள். தெற்கினின்று வருவது தென்றல். வடக்கினின்று வருவது வாடை. கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. கலம் செலுத்துவோர்க்கும் உழவர்க்கும் காற்றின் இயல்பை அறிதல் இன்றியமையாததாக இருந்தது. காற்று நாம் வேண்டும்போது வருவதன்று. வேண்டா என்னும்போது நிற்பதுமன்று. ஆதலின், அதனைத் துணைக்கொண்டு தொழில் செய்ய விரும்புவோர் முதற்கண் அதன் போக்கை அறிதல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிக் காட்டிய பெரியார் ஒருவர் டென்மார்க்கு நாட்டில் வாழ்ந்தார். வானிலை அறிஞராய்த் தொடங்கி, சிற்றூர்ப் பள்ளி ஆசிரியராய் அமைந்து, காற்றினின்று மின்சாரம் பெறும் நெறியை வகுத்த அவருடைய பெயர் பவுல் லா கூர் என்பது.

டென்மார்க்கு, ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் உள்ள சிறிய நாடு. ஜட்லாந்து என்னும் தீபகற்பமும் பல தீவுகளும் சேர்ந்தது அது. அங்கே உயர்ந்த மலைகள் இல்லை. ஆதலின் மின்சாரம் எடுத்தற்கு ஏற்ற பேரருவிகளும் இல்லை. அந்நாளில் எந்திரங்களை ஓட்டுதற்கு வேண்டிய நிலக்கரியும் பிற நாடுகளினின்று கப்பலில் வந்து சேர வேண்டியதாயிற்று. அந்நாட்டிற்கு இயற்கை குறைவின்றி வழங்கிய செல்வம் ஒன்று உண்டு; அதுதான் கடற்காற்று. பன்னெடுங்காலமாக அந்நாட்டு உழவர்கள் காற்றாலைகளைக் கொண்டு தானியம் அரைத்து வந்தார்கள்.

இத்தகைய நாட்டில், எபெல்டாப்ட் என்னும் ஊருக்கு அருகே, வேளாண்மைக் குடும்பம் ஒன்றில் 1846 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13 ஆம் நாள் லா கூர் பிறந்தார். அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பிய 1864 ஆம் ஆண்டில், பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தொடுத்த போரில் டென்மார்க்கு தோல்வியுற்றுத் தன் தென்பகுதி நிலங்களை இழந்தது. இழந்த நிலத்திற்கு ஈடாக, எஞ்சிய நாட்டை அறிவாலும் உழைப்பாலும் வளப்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் அந்நாட்டு இளைஞர் பலருடைய நெஞ்சில் வேரூன்றியது. லா கூர் இச்சூழலில் வளர்ந்தவர்.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலையும் வானிலையியலையும் பயின்று 1869 ஆம் ஆண்டில் அவர் பட்டம் பெற்றார். 1872 ஆம் ஆண்டில் டென்மார்க்கு வானிலை நிலையம் நிறுவப்பட்டது. அதன் துணை இயக்குநராக லா கூர் அமர்த்தப்பெற்றார். வானிலையை ஓரிடத்திலிருந்து அறிதல் இயலாது. பல ஊர்களிலும் காற்றின் திசை, விரைவு, வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றை நாள்தோறும் அளந்து, அவ்வளவுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்தால்தான் நாளைய நிலை ஒருவாறு புலப்படும். அச்செய்திகளை விரைந்து கொணர்வது தந்தி. ஆகவே தந்திக் கலையிலும் லா கூரின் கருத்துச் சென்றது. ஒரே கம்பியில் பல செய்திகளை அனுப்பும் வழியை ஆராய்ந்தார். அம்முயற்சியில் ஒலிச்சக்கரம் என்னும் கருவியை இயற்றினார். மின்சாரத்தால் அதிரும் இசைக்கவை ஒன்று, பற்களையுடைய இரும்புச் சக்கரத்தைச் சிறிதும் விரைவு மாறாமல் சுழலச் செய்யும் கருவி அது. அதனால் அவருடைய புகழ் வெளிநாடுகளிலும் பரவிற்று.

தலைநகரில் உயர்ந்த பதவி, அறிஞரிடையே நற்பெயர், புதுமை காணும் வாய்ப்பு ஆகிய யாவும் அவருக்கு வாய்த்திருந்தன. ஆயினும் 1878 ஆம் ஆண்டில் அவர் அவற்றை விடுத்து, அஸ்கோவ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே நாட்டுப்புற உயர்பள்ளி ஒன்று இருந்தது. உழவர் வீட்டு இளைஞர்களுக்குத் தேர்வும் பட்டமும் இன்றி அறிவு புகட்டும் இத்தகைய பள்ளிகள், கிரண்ட்விக் என்னும் பெரியாரின் கொள்கையைப் பின்பற்றி அந்நாட்டில் எழுந்தவை. 1864 ஆம் ஆண்டுப் போரில் இழந்த நிலப்பகுதியிலிருந்த பள்ளியொன்று, அதற்கடுத்த ஆண்டில் எல்லைக்கு இப்பால் அஸ்கோவிற்குப் பெயர்ந்து வந்திருந்தது. அப்பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியராக லா கூர் அமர்ந்தார். அறிவியல் உண்மைகளை வரலாற்று முறையில், அவற்றைக் கண்டவர் எவ்வெவ்வாறு கண்டனர் என்று விளக்கிக் கற்பிப்பது அவர் வழக்கம். அம்முறையில் 1881 ஆம் ஆண்டில் கணித நூலொன்றும் எழுதி வெளியிட்டார்.

அக்காலத்தில் மின்சாரம் நகரங்களுக்குள் புகத் தொடங்கியிருந்தது. நிலக்கரியால் இயங்கும் பெரிய நிலையங்கள் நகரத்தாருக்கு ஒளியும் ஆற்றலும் தந்தன. சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு அந்நலம் எட்டவில்லை. தொழிலும் வசதியும் நகரத்திலேயே குவியுமானால், நாட்டுப்புற இளைஞர் ஊரைவிட்டு நகரம் நோக்கிச் செல்வர். ஊர்கள் நாளடைவில் பொலிவிழக்கும். தம்மிடம் பயிலும் உழவர் மக்களின் எதிர்காலத்தை எண்ணிய லா கூர், ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் வீசும் காற்றினின்றே மின்சாரம் பெறுதல் கூடாதோ என்று சிந்திக்கலானார்.

அரசினர் அளித்த பொருளுதவியைக் கொண்டு 1891 ஆம் ஆண்டில் அஸ்கோவில் ஆராய்ச்சிக் காற்றாலை ஒன்றை எழுப்பினார். தொடக்கத்திலேயே இரண்டு இடையூறுகள் எதிர்ப்பட்டன. முதலாவது, காற்றின் விரைவு நொடிக்கு நொடி மாறுவது. தானியம் அரைக்கும் ஆலைக்கு அது பெருங்குறையன்று. மின்னாக்கியோ ஒரே சீராகச் சுழலுதல் வேண்டும். காற்றின் விரைவு இருமடங்கானால் அதில் அடங்கிய ஆற்றல் எட்டு மடங்காகும். விரைவு பாதியாகக் குறைந்தால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே காற்றிற் காணும் சிறு மாறுதலும் எந்திரத்தைப் பெரிதும் தாக்கும். முன்னர் ஒலிச்சக்கரத்தைச் சீராகச் சுழலச் செய்த லா கூர், கப்பிகளும் வார்களும் எடைகளும் பொருந்திய சீராக்கி ஒன்றை இப்போது அமைத்தார். காற்று எவ்வளவு குதித்தாலும் மின்னாக்கி ஏறத்தாழ ஒரே விரைவில் சுழன்றது.

இரண்டாவது இடையூறு இதனினும் பெரிது. காற்று ஓய்ந்த நாளில் என் செய்வது? வானிலையை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த அவர், காற்று வீசாத நாள்களும் வந்தே தீரும் என்பதை நன்கறிவார். உழவர் விளைந்த காலத்தில் நெல்லைக் குதிரில் சேர்த்து வைத்து, விளையாத காலத்தில் எடுத்து உண்பதுபோல, காற்றடிக்கும் நாளின் ஆற்றலைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று துணிந்தார். மின்சாரத்தைச் சேமிக்கும் கலங்கள் அக்காலத்தில் மிக்க விலையுடையனவாக இருந்தன. அதனால், காற்றாலை தந்த மின்சாரத்தை நீரிற் செலுத்தி, நீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் இரு வாயுக்களாகப் பிரித்தார். அவற்றைத் தொட்டிகளில் சேர்த்து வைத்து, இரண்டையும் கூட்டி எரித்து ஒளி உண்டாக்கினார். ஹைட்ரஜனோடு சிறிதளவு ஆக்சிஜன் கலந்துவிடினும் அது வெடிக்கும் தன்மையது. அவ்வாறு வெடித்ததனால் பள்ளிக் கட்டடங்களின் சன்னற் கண்ணாடிகள் உடைந்துபோனதும் உண்டு. எனினும் அவர் மனந்தளரவில்லை. 1895 முதல் 1902 வரை அப்பள்ளியில் இவ்விளக்குகளே ஒளி தந்தன. காற்றடங்கிய நாள்களிலும் அங்கே விளக்கெரியாத இரவு இருந்ததில்லை என்று கூறுவர்.

ஆலையின் இறகுகள் எவ்வடிவில் அமைந்தால் காற்றின் ஆற்றலை மிகுதியாகப் பெறலாம் என்பது அடுத்து எழுந்த வினா. திறந்த வெளியில் வீசும் காற்று மாறிக்கொண்டே இருத்தலின், அங்கே இரண்டு வடிவங்களை ஒப்பிட்டு அளத்தல் அரிது. ஆகவே, பெரிய குழாயொன்றின் வழியே விசிறியால் காற்றைச் சீராகச் செலுத்தி, அதன்முன் சிறிய மாதிரி இறகுகளை வைத்து அளந்தார். உலகில் முதன்முதல் அமைந்த காற்றுச் சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. மின்சாரம் எடுப்பதற்குப் பல இறகுகளோடு மெல்லச் சுழலும் ஆலையினும், சில இறகுகளோடு விரைந்து சுழலும் ஆலையே சிறந்தது என்று அவர் கண்டார். தம் ஆராய்ச்சி முடிவுகளை 1900 ஆம் ஆண்டிலும் 1903 ஆம் ஆண்டிலும் நூலாக வெளியிட்டார்.

1902 ஆம் ஆண்டில் அஸ்கோவ்க் காற்றாலை, அவ்வூர் முழுமைக்கும் மின்சாரம் வழங்கும் நிலையமாயிற்று. மறு ஆண்டில் டென்மார்க்குக் காற்று மின்சாரச் சங்கம் தோன்றியது. ஆலையை நிறுவினால் மட்டும் போதாது, அதனைப் பேணத் தெரிந்தவரும் ஊர்தோறும் வேண்டும் என்று கருதிய லா கூர், நாட்டுப்புற இளைஞர்களுக்கு மின்தொழிற் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். 1904 ஆம் ஆண்டில் அங்குப் பயின்றவருள் யோகானஸ் யூல் என்னும் பதினேழு வயது இளைஞரும் ஒருவர்.

லா கூர் 1908 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24 ஆம் நாள் அஸ்கோவில் மறைந்தார். அவர் ஊன்றிய வித்து முளைத்துத் தழைத்தது. முதல் உலகப்போர் மூண்டு நிலக்கரி வரவு அருகிய காலத்தில், அவர் காட்டிய வழி சிற்றூர்களுக்கு உறுதுணையாயிற்று. 1918 ஆம் ஆண்டளவில் டென்மார்க்கில் ஏறத்தாழ 120 ஊரக மின்நிலையங்கள் காற்றாலைகளைக் கொண்டிருந்தன. அவருடைய மாணவர் யூல், முதிர்ந்த வயதில், 1957 ஆம் ஆண்டில் கெட்ஸர் என்னுமிடத்தில் மூன்று இறகுகளையுடைய 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். அது 1967 வரை இயங்கிற்று. பின்னாளில் உலகெங்கும் பரவிய மூவிறகு ஆலைகளுக்கு அது முன்னோடியாய் அமைந்தது.

லா கூர் முதலில் மேற்கொண்ட வானிலைத் தொழிலும் அவர் பின்னர்க் கண்ட காற்றுமின் தொழிலும் இன்று ஒன்றையொன்று பிரியாதனவாய் விளங்குகின்றன. ஓரிடத்தில் ஆலை நிறுவுமுன், அங்கே ஆண்டு முழுதும் காற்று எவ்வாறு வீசுகின்றது என்று அறிதல் வேண்டும். டென்மார்க்கிலுள்ள ரீசோ ஆய்வுக்கூடத்தினர், பல நிலையங்களின் நெடுங்கால அளவுகளைத் திரட்டி, 1989 ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் காற்று வளத்தைக் காட்டும் படநூலை வெளியிட்டனர். லா கூரின் முதல் ஆலை எழுந்த நூறாம் ஆண்டாகிய 1991 ஆம் ஆண்டில், உலகின் முதற் கடல்சார் காற்றாலைத் தொகுதி அந்நாட்டின் விண்டெபி என்னுமிடத்தில் நிறுவப்பட்டது.

இன்று டென்மார்க்கில் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றினின்று கிடைக்கின்றது. நாளைக்கு எந்த வேளையில் எவ்வளவு காற்று வீசும் என்பதை வானிலை அறிஞர் முன்கூட்டியே கணித்துரைக்கின்றனர். அதனைக் கொண்டு மின்சார அலுவலர் ஏற்பாடு செய்கின்றனர். காற்று மிகுந்த வேளையில் எஞ்சும் மின்சாரம் அண்டை நாடுகளுக்குச் செல்லும். நார்வே நாட்டினர் அவ்வேளையில் தங்கள் அணைநீரைச் செலவிடாது தேக்கி வைப்பர். டென்மார்க்கில் காற்றுக் குறையும் வேளையில், அவ்வணைநீர் தரும் மின்சாரம் இங்கே வந்து சேரும். முன்னறிவிப்புப் பிழைக்குமாயின், அந்தக் குறையை ஈடுசெய்ய விரைந்து வேறு நிலையங்களை இயக்க நேரும். பொருளும் எரிபொருளும் வீணாகும். புகையில்லா ஆற்றலை நாடும் இக்காலத்தில், காற்றை அளக்கும் கருவியும் காற்றாலையைப் போலவே ஒரு செல்வமாகும்.

காற்று எவருடைய ஆணைக்கும் அடங்காது என்பது உண்மை. அதன் இயல்பைப் பொறுமையோடு அளந்தறிந்து, வீசும் நாளில் சேர்த்து வைத்து, வீசாத நாளுக்கும் வழிதேடிய லா கூருக்கு அது ஊழியம் செய்தது. தலைநகரில் கற்ற கல்வியைச் சிற்றூர் மக்களுக்கு ஒளியாக்கித் தந்த அவ்வாசிரியர், கற்றதனால் ஆய பயன் யாது என்பதையும் நமக்குக் காட்டிச் சென்றார்.