பாழ்நிலத்தைக் காடாக்கிய பேராசிரியர்

மாமரத்தின் அடியைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது மாவடிப்பள்ளி. 1978ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வீசிய சூறாவளி நம் கிழக்குக் கரையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபொழுது, பாழ்பட்ட காணியை என் செய்வது என்னும் வினா காணியுடையார் பலர்முன் எழுந்தது. அத்தகைய வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்து சென்ற பெரியார் ஒருவர் அமெரிக்க நாட்டிலே வாழ்ந்தார். அவர் அல்டோ லியோபோல்டு.

அவர் 1887ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் ஐயோவா மாநிலத்துப் பேர்லிங்டன் நகரிற் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று, 1909இல் அரசின் வனச் சேவையிற் சேர்ந்தார். ஓநாய்கள் ஒழிந்தால் மான்கள் பெருகும் என்று அக்காலத்தார் எண்ணியவாறே அவரும் எண்ணினார்; ஓநாய்களைச் சுட்டும் வீழ்த்தினார். ஓநாயற்ற மலைகளில் மான்கள் மிகுந்து, தளிரனைத்தையும் தின்று தீர்த்து, ஈற்றில் தாமும் பட்டினியால் மடியும் என்பதைப் பின்னரே உணர்ந்தார். உணர்ந்த பிழையை மறைத்தாரல்லர். எழுத்திற் பொறித்து வைத்தார்.

1933இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். ஏட்டிற் கற்பிப்பதோடு அவர் உள்ளம் அமையவில்லை. 1935இல், விஸ்கொன்சின் ஆற்றங்கரையில் 80 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கினார். அது பயிர்செய்து சாரமிழந்து, உழவனாற் கைவிடப்பட்ட மணற்பூமி. வீடு எரிந்து போயிருந்தது. எஞ்சியது ஒரு கோழிக்கூடு. அதனையே துப்புரவாக்கிக் குடிலாக்கி, மனைவி எஸ்தெல்லாவுடனும் மக்கள் ஐவருடனும் விடுமுறை தோறும் அங்கே தங்கினார்.

1936ஆம் ஆண்டு இளவேனிலில் பைன் கன்றுகளை ஆயிரக்கணக்கில் நட்டனர். அவ்வாண்டுக் கோடையிற் கொடிய வறட்சி வந்தது. நட்டவற்றுட் பெரும்பாலன கருகி மாண்டன. பிறரெனின் நிலத்தைப் பழித்து நீங்கியிருப்பர். அவரோ மறு ஆண்டு மீண்டும் நட்டார், ஆண்டுதோறும் நட்டார். கன்றுகள் பிழைத்ததும் மாண்டதும், மலர் அரும்பிய நாளும், பறவை வந்த நாளும் குறிப்பேட்டில் ஏறின.

அவர் கோடரியை வெறுத்தவர் அல்லர். பட்ட மரத்தை விறகாக்கினார். நெருங்கிய மரங்களுள் எதை வெட்டுவது, எதை விடுவது என்று ஆய்ந்து வெட்டினார். 1935இல் ஜெர்மனி சென்று, ஒரே இன மரத்தை வரிசையாய் நட்ட காடுகளில் மண் வளங்குன்றி, விலங்கினம் அருகியதைக் கண்டவர். ஆதலின் தம் நிலத்தில் மரத்தோடு புல்லும் பூண்டும் புள்ளும் கூடி வாழ இடமளித்தார். நிலம் நம் உடைமை மட்டுமன்று. நாமும் உறுப்பாய் அமைந்த ஒரு சமுதாயம் என்பதே அவர் கண்ட அறம்.

1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் அயலவர் நிலத்திற் புல் தீப்பற்றியது. அதனை அணைக்க விரைந்த பேராசிரியர், மாரடைப்புற்று அந்நிலத்திலேயே உயிர் நீத்தார். அகவை 61. அவர்தம் புகழ்பெற்ற நூல் அச்சேற ஏற்கப்பட்டு ஒரு வாரமே ஆகியிருந்தது. மறு ஆண்டு அது வெளிவந்தது. மக்கள் ஐவரும் அறிவியலாளராயினர். 1982இல் தந்தை பெயரால் ஓர் அறநிலையம் நிறுவினர்.

2007இல் அவ்வறநிலையத்திற்கு மனை எழுந்தது. அதற்குரிய மரம், அக்குடும்பத்தார் நட்ட காட்டிலேயே, ஏனைய மரங்கள் செழிக்கும் பொருட்டுக் களைந்தெடுத்தவற்றிலிருந்து கிடைத்தது. மனை எழுந்தது, காடு குறையவில்லை. நட்டவர் கண்டிலர், ஆயினும் நட்டது பயன் தந்தது.

மரம் நடுதலைத் தருமமாகப் போற்றும் மார்க்கத்தினர் நாம். காணி உறுதியில் நம் பெயர் சில காலமே நிற்கும். அதற்குள் அக்காணிக்கு நாம் செய்தது யாது என்பதே நம் பிள்ளைகள் கேட்கவிருக்கும் வினா.