கால்பந்து வாத்தியார் ரகீம்

ஐதராபாத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். பெயர், சையது அப்துல் ரகீம். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். மாலையில் கால்பந்து மைதானத்துக்குப் போய்விடுவார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா இருமுறை கால்பந்துத் தங்கப் பதக்கம் வென்றது. இரண்டு முறையும் நம் கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்தவர் இந்த வாத்தியார்தான்!

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார். உள்ளூர் கிளப்புகளுக்கும் ஆடினார். ஆனால், ஆட்டக்காரர் ரகீமின் புகழ் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. அவருடைய திறமை ஆடுவதைவிட ஆட வைப்பதில்தான் இருந்தது.

1943-ல் ஐதராபாத் போலீஸ் கோஷ்டிக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தக் காலத்தில் பந்தைக் காலை விட்டு விலகாமல் வைத்துக்கொண்டு, நாலு பேரை ஏய்த்து ஓடுகிறவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். ரகீமுக்கு அது பிடிக்காது. பந்து வந்ததும் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும். தட்டிவிட்டுக் காலி இடத்துக்கு ஓட வேண்டும் என்பார்.

இதைப் பழக்குவதற்கு அவர் வேடிக்கையான பந்தயங்களை நடத்தினார். ஒரு பந்தயத்தில் எதிரியை ஏய்த்து ஓடுவதற்கே தடை! இன்னொன்றில், வராத காலால்தான் பந்தை உதைக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலால் உதைக்கத் தடுமாறுவான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சில மாதங்களில் அவனுக்கு இரண்டு காலும் ஒன்றுபோல ஆகிவிடும்.

பலன் என்ன தெரியுமா? பம்பாயில் அந்நாளில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் ஐதராபாத் போலீசார் தட்டிச் சென்றார்கள்!

ஆள் தேடுவதிலும் ரகீம் கெட்டிக்காரர். செகந்திராபாத் பக்கத்தில் பலராம் என்ற ஏழைப் பையனின் ஆட்டம் அவர் கண்ணில் பட்டது. பயிற்சிக்கு வந்து போகப் பையனிடம் காசு இல்லை. வாடகை சைக்கிளுக்காக ரகீம் தினமும் ஒரு ரூபாய் கொடுத்தார். பின்னாளில் அந்தப் பலராம் இந்தியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனார்.

வெறுங்கால் ஆட்டம்

1951-ல் டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. கோல் போட்டவர் மேவாலால்.

மறு வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். நம்மவர்களில் பலர் அப்போது வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர்கள். அங்கோ குளிர். எதிரே நின்றவர்கள் பூட்ஸ் அணிந்த யுகோஸ்லாவியர்கள். இந்தியா 10-1 என்று தோற்றது! ஊரில் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால், அதே யுகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய கோஷ்டி என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இந்திய ஆட்டக்காரர்கள் பூட்ஸ் அணிந்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது.

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று இந்தியா வீழ்த்தியது. நெவில் டிசோசா மட்டும் 3 கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா. அரை இறுதியில் மறுபடியும் யுகோஸ்லாவியா! இந்த முறை முதல் கோலைப் போட்டது நம் நெவில். பிறகு அவர்கள் 4 கோல் போட்டு வென்றார்கள். தோல்விதான். ஆனால், நாலே வருடத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்!

1960-ல் ரோம் ஒலிம்பிக். பலம் வாய்ந்த பிரான்சுடன் 1-1 என்று சமமாக ஆடினார்கள். ரகீமின் சொந்த மகன் ஹக்கீமும் அந்தக் கோஷ்டியில் இருந்தார். ஓர் ஆட்டத்தில்கூட அவர் களத்தில் இறங்கவில்லை.

ஜகார்த்தாவில்

1962-ல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி. ரகீமின் உடல் நலிந்து போயிருந்தது. நுரையீரலில் புற்றுநோய்.

அங்கே இன்னொரு தொல்லையும் காத்திருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு அழைக்கவில்லை. இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் அதிகாரி சோந்தி, அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று சொல்லக்கூடாது என்றார். ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. நம் ஆட்டக்காரர்கள் வெளியே நடமாடவே பயந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றார்கள். ஆனால், தடுப்பாட்டத்தின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்குக்கு அதில் தலையில் அடி. தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானுடன் நடந்த ஆட்டத்தில் அவர் இல்லை. ஆனாலும் இந்தியா வென்றது.

அரை இறுதியில் ரகீம் யாரும் எதிர்பாராத காரியத்தைச் செய்தார். தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைலை, பின்னால் நிறுத்தாமல் முன்வரிசையில் கோல் போடும் இடத்தில் நிறுத்தினார்! காயம்பட்டவரை இப்படி மோதவிடுவது கொடுமை என்று இன்று யாரும் சொல்வார்கள். அன்று ஜர்னைல் மறுக்கவில்லை. ஒரு கோலும் போட்டார். தென் வியட்நாமை 3-2 என்று இந்தியா வென்றது.

இறுதி ஆட்டத்தில் எதிரி, மறுபடியும் தென் கொரியா. முந்தின இரவு ரகீம் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார். தமக்கு ஒரு பரிசு வேண்டும், நாளைக்குத் தங்கத்தை வென்று தாருங்கள் என்று கேட்டார். கண்டித்தே பழகிய வாத்தியார் அப்படிக் கேட்டதை அவர்கள் கடைசிவரை மறக்கவில்லை.

செப்டம்பர் 4-ந் தேதி. மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். இந்தியா பந்தைத் தொட்டாலே கூச்சல். பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் மட்டும் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தார்கள் என்று நம்மவர்கள் பின்னால் நினைவு கூர்ந்தார்கள். கோல் காக்க நின்றவர் பீட்டர் தங்கராஜ். சென்னை ராணுவப் படைப்பிரிவுக்காக ஆடி டுராண்டு கோப்பை வென்றவர். அன்று அவருக்கும் உடம்பு சரியில்லை.

ஆட்டம் தொடங்கி 20 நிமிடத்துக்குள் இரண்டு கோல்! முதல் கோல் பி.கே.பானர்ஜி. இரண்டாவது, அதே ஜர்னைல் சிங். கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அதற்கு மேல் முடியவில்லை. 2-1. கேப்டன் சுனி கோஸ்வாமியின் கோஷ்டி தங்கம் வென்றது.

வாத்தியார் கேட்ட பரிசு கிடைத்துவிட்டது. ஊர் திரும்பிய ரகீமின் நோய் முற்றியது. 1963-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி அவர் காலமானார். வயது 53.

1970-ல் பாங்காக்கில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. 2023-ல் நடந்த போட்டி வரைக்கும் ஆசியக் கால்பந்துத் தங்கம் திரும்பி வரவில்லை. ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்திலும் இந்தியா ஆடவில்லை. ரகீமிடம் கற்ற பி.கே.பானர்ஜி தாமும் பயிற்சியாளர் ஆனார். ரோமில் களம் இறங்காத மகன் ஹக்கீம் விமானப்படை அதிகாரியாக இருந்தார். சர்வதேச ஆட்டங்களில் நடுவராகவும் விசில் ஊதினார்.