ஒரு சுல்தானின் மூன்று பெயர்கள்

மாணவர்களே, பள்ளிப் பதிவேட்டில் உங்கள் பெயரோடு அப்பாவின் பெயர் வரும். குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இராது. பேராக் அரச குடும்பத்திலும் அப்படித்தான். 28ஆவது சுல்தான் இட்ரிஸின் வாழ்க்கையே இதற்குச் சான்று.

1849இல் பிறந்த அவர் முதலில் ராஜா இட்ரிஸ். முன்னால் உள்ள ‘ராஜா’ அவருடைய அரச மரபைச் சொன்னது. பின்னால் வந்த தந்தை ராஜா இஸ்கந்தரின் பெயர், எந்தக் கிளை என்பதைக் காட்டியது. தந்தை பெண்டாஹாரா பதவி வகித்தவர்; சுல்தான் அல்லர். பேராக்கில் அரியணை எப்போதும் தந்தையிடமிருந்து மகனுக்கே போனதில்லை. கிளைகளுக்கிடையிலும் மாறியது. அதனால் தந்தை பெயருக்கு அங்கே தனி மதிப்பு.

1887இல் அரியணை ஏறியதும் பெயர் நீண்டது: சுல்தான் இட்ரிஸ் முர்ஷிதுல் அஸாம் ஷா. நம் முன்னோர் பலர் பேராக் ரப்பர் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது அவர் காலத்தில்தான். கோல கங்சாரில் மலாய் கல்லூரி 1905இல் தொடங்கியதும் அவர் ஆட்சியில்தான்.

1916இல் மறைந்தபின் மூன்றாவது பெயர் வந்தது: மர்ஹும் ரஹ்மத்துல்லா. மறைந்த சுல்தானுக்குப் புதுப்பெயர் சூட்டுவது பேராக் மரபு.

மறு ஆண்டே பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், ஜெர்மனியுடன் போர் நடந்ததால் தம் வம்சத்தின் ஜெர்மானியப் பெயரை நீக்கி, ‘வின்ட்சர்’ என்று மாற்றினார். அங்கே வம்சம் முழுவதற்கும் ஒரே பெயர். இங்கே ஒருவருக்கே மூன்று.

1922இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு இட்ரிஸின் பெயர் வைக்கப்பட்டது. இன்று அது பல்கலைக்கழகம். அங்கே பட்டம் பெறும் தமிழ் ஆசிரியர்களின் சான்றிதழிலும் அந்தப் பெயர் இருக்கிறது.