தளபதியும் அவர் கடைசி மகளும்



தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் தெருக்களில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் உண்டு. விருந்தாளி வந்தால் அப்பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பிவிடும் வீடுகளும் உண்டு. அவ்வீட்டார் ஒரு பெரிய மனிதரின் சரித்திரத்தை அறிவது நலம்.

சார்லஸ் டிகால் 1890-ல் பிரான்சு தேசத்து லீல் நகரில் பிறந்தார். 1940-ல் தாய்நாடு ஜெர்மானியரிடம் வீழ்ந்தபோது லண்டனிலிருந்து எதிர்ப்புக்கொடி உயர்த்தினார். அவ்வருஷமே புதுச்சேரியும் அவர் பக்கம் சேர்ந்தது. 1959 முதல் 1969 வரை ஜனாதிபதியாயிருந்தார். இவை உலகறிந்த செய்திகள். அவர் வீட்டுச் செய்தியைப் பலர் அறியார்.

1928 ஜனவரி 1-ந் தேதி அவருக்கும் இவோன் அம்மையாருக்கும் மூன்றாவது குழந்தையாக ஆன் பிறந்தாள். டவுன் நோய்க்குறியுள்ள குழந்தை. தானாக உண்ணவோ தெளிவாகப் பேசவோ அவளால் கூடவில்லை. அக்காலத்தில் வசதியுள்ள குடும்பத்தார் இத்தகைய பிள்ளைகளை எங்கேனும் விடுதியில் விட்டு மறைப்பது வழக்கம். இப்பெற்றோரோ அவளைப் பிரிய மறுத்தார்கள். 1934-ல் கொலொம்பே கிராமத்தில் அமைதியான தோட்டமுள்ள வீட்டை வாங்கியதற்கு அவளும் ஒரு காரணம். 1940 ஜூனில் பகைவர் படை நெருங்கியபோது, தாய் அவளையும் அழைத்துக்கொண்டே கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தார். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த தகப்பன் அவளுக்காகப் பாடுவார்; ஆடுவார்; தம் இராணுவத் தொப்பியை அவள் விளையாடக் கொடுப்பார்.

நமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்? உமது தூக்கத்தைக் கெடுக்கும் இக்கேள்வி அவர்களையும் வாட்டிற்று. ஆகவே 1945-ல் ஆன் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனம் தொடங்கி, மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு இல்லம் அமைத்தார்கள். தளபதி எழுதிய யுத்த நினைவு நூல்களின் வருமானம் அதற்கே சென்றது. ஆனோ 1948 பிப்ரவரி 6-ந் தேதி, 20 வயதில், நிமோனியா கண்டு தகப்பன் கைகளிலேயே உயிர்விட்டாள். அந்த ஸ்தாபனம் இன்றும் நடக்கிறது.

பிள்ளையின் குறைக்குத் தாயைப் பழிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். 1959-ல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள், இக்குழந்தைகளின் உடலணுக்களில் 46 குரோமோசோம்களுக்குப் பதில் 47 இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். ஆகவே இது சாபமுமல்ல, பாவத்தின் தண்டனையுமல்ல. தாய்மேல் ஒரு குற்றமுமில்லை.

பெற்றோரே, உமக்கு உதவி வெகுதூரத்தில் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் இப்பிள்ளைகளுக்கென 1953-ல் பாலவிஹாரை நிறுவினார் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார். முட்டுக்காட்டில் ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயதானபின், 1999-ம் வருஷச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் அடங்கிய குழுவிடம் மனுச் செய்து, நீர் உயிரோடிருக்கும்போதே பாதுகாவலரை நியமிக்கலாம். அதைத் தள்ளிப்போடாதீர்.

டிகால் 1970 நவம்பர் 9-ந் தேதி காலமானார். அரசு மரியாதை வேண்டாம், மகள் ஆன் அருகே புதைத்தால் போதும் என்று 1952-லேயே உயில் எழுதி வைத்திருந்தார். அவ்வாறே கொலொம்பே கல்லறைத் தோட்டத்தில் இருவரும் இளைப்பாறுகிறார்கள்.

ஆகையால் வருகிற ஞாயிறு பூசைக்கு உமது பிள்ளையையும் கூட்டி வாரும். அருகிலிருப்பவரே, அப்பிள்ளை சத்தமிட்டால் திரும்பி முறைக்காதீர். சற்றே நகர்ந்து இடம் கொடும்.