ஹாக்கி அணித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கியில் இந்தியா முதன்முதலாகத் தங்கப் பதக்கம் வென்றது. மொத்தம் ஐந்து ஆட்டங்கள். ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து என வரிசையாக வென்று, இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-0 என்று வீழ்த்தியது. இந்தியா அடித்த கோல்கள் 29. எதிரணிகள் அடித்தது ஒன்றுகூட இல்லை. அதில் 14 கோல்களை அடித்த தியான்சந்தின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அணிக்குத் தலைவராகச் சென்ற ஆதிவாசி இளைஞரின் பெயர் பலருக்குத் தெரியாது. அவர்தான் ஜெய்பால் சிங் முண்டா.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், ராஞ்சியை அடுத்த குந்தி பகுதியில் தக்ரா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே முண்டா பழங்குடிக் குடும்பம் ஒன்றில் 1903 ஜனவரி 3 அன்று ஜெய்பால் பிறந்தார். அந்த மண்ணுக்குப் பெரிய வரலாறு உண்டு. காட்டைத் திருத்தி நிலமாக்கிய முண்டாக்களிடமிருந்து அந்த நிலத்தை ஜமீன்தார்களும் வட்டிக்காரர்களும் பறித்தபோது, எதிர்த்து எழுந்தவர் பிர்சா முண்டா. ராஞ்சிச் சிறையில் அவர் இறந்தது 1900-இல். அந்தப் போராட்டத்தின் சூடு ஆறாத ஊரில்தான், மூன்று ஆண்டுகள் கழித்து ஜெய்பால் பிறந்தார்.

ராஞ்சியிலுள்ள புனித பால் பள்ளியில் படித்தார். படிப்பிலும் விளையாட்டிலும் அவர் காட்டிய திறமையைக் கவனித்த பள்ளி முதல்வர், பாதிரியார் காஸ்கிரேவ், அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் புனித ஜான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார் ஜெய்பால். பின்னால் நின்று தடுத்தாடுவதில் அவர் கெட்டிக்காரர். பல்கலைக்கழக அணியில் சிறந்து விளையாடுவோருக்குத் தரப்படும் 'புளூ' என்னும் மதிப்பு ஹாக்கியில் அவருக்குக் கிடைத்தது.

அடுத்து ஐ.சி.எஸ். தேர்விலும் தேறினார். அன்றைக்கு ஐ.சி.எஸ். என்றால் மாவட்டத்தையே ஆளும் பதவி. நிலம் பறிபோன ஒரு சமூகத்திலிருந்து வந்த இளைஞன், நிலத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நாற்காலியில் உட்காரும் வாய்ப்பு அது. இங்கிலாந்திலேயே பயிற்சியில் இருந்தபோது, ஒலிம்பிக்கிற்குப் போகும் இந்திய அணிக்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்தது. விடுமுறை கேட்டார். அதிகாரிகள் தர மறுத்தார்கள். விடுமுறை இல்லாமலேயே ஆம்ஸ்டர்டாம் புறப்பட்டார்.

அங்கும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனவேறுபாட்டால் இறுதி ஆட்டத்துக்கு முன்பே அணியை விட்டு விலகினார். இறுதி ஆட்டத்தில் பின்னிகர் தலைமை தாங்கினார். லண்டன் திரும்பியதும், சொல்லாமல் போனதற்காகப் பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றார்கள். ஜெய்பால் அதற்கு உடன்படாமல் ஐ.சி.எஸ். பதவியையே உதறிவிட்டார்.

பிறகு கல்கத்தாவில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் நாட்டின் அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அந்த நாடுதான் இன்றைய கானா. ராய்ப்பூரில் ராஜகுமாரர்கள் படிக்கும் கல்லூரியிலும், பிகானேர் சமஸ்தானத்திலும் பணியாற்றினார். வசதியான வாழ்க்கை அமைந்திருந்தது. ஆனால் சோட்டாநாக்பூரில் அவருடைய மக்கள் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நிலத்தைக் கொடுத்துவிட்டு, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

1939 ஜனவரியில் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபையின் மாநாடு கூடியது. அதற்குத் தலைமை ஏற்க ஜெய்பாலை அழைத்தார்கள். முண்டா, உராவோன், சந்தால், ஹோ என்று பிரிந்து கிடந்த மக்களை ஒரே பெயரின் கீழ் திரட்டும் வேலை அன்றிலிருந்து அவருடையதாயிற்று. பீகாரிலிருந்து பிரித்துத் தனி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். மக்கள் அவரை மராங் கோம்கே என்று அழைத்தார்கள். பெருந்தலைவர் என்பது அதன் பொருள்.

1946-இல் பீகாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 19 அன்று அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. இந்த மண்ணின் மூத்த குடிகள் நாங்கள், பின்னால் வந்தவர்களால் காட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள் என்று சபையின் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆதிவாசிகளுக்கு ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் அதைக் கற்க வேண்டும் என்று வாதிட்டார். சபையில் இன்னும் கூடுதலாகப் பெண்கள் வேண்டும் என்றும் கேட்டார்.

ஆதிவாசி என்ற சொல்லே அரசியல் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்தினார். அது ஏற்கப்படவில்லை. மதுவிலக்கு பற்றிய விவாதம் வந்தபோது, அரிசியில் காய்ச்சும் பானம் தம் மக்களின் வழிபாட்டோடும் நடவு வேலையோடும் கலந்தது என்று எடுத்துச் சொல்லி எதிர்த்தார். தம் மக்களின் வாழ்க்கையைப் பற்றிப் பிறர் முடிவெடுக்கும் இடத்தில், அவர் வாய் மூடி உட்காரவில்லை.

சுதந்திரம் வந்த சில மாதங்களிலேயே பேரிடி விழுந்தது. கர்சாவான் சமஸ்தானத்தை ஒரிசாவோடு இணைப்பதை எதிர்த்து 1948 ஜனவரி 1 அன்று ஆதிவாசிகள் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். ஒரிசா போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். எத்தனை பேர் என்ற கணக்கு இன்றுவரை தீரவில்லை. அதே ஆண்டு அந்தப் பகுதி பீகாரோடு சேர்க்கப்பட்டது.

1950-இல் ஆதிவாசி மகாசபை ஜார்க்கண்ட் கட்சியாக மாறியது. சேவல் அதன் சின்னம். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பிடித்து முக்கிய எதிர்க்கட்சியாக அமர்ந்தது. ஜெய்பால் மக்களவைக்குப் போனார். அதன்பின் 1957, 1962, 1967 தேர்தல்களிலும் வென்றார். ஆனால் மாநிலச் சீரமைப்புக் குழு 1955-இல் ஜார்க்கண்ட் கோரிக்கையை நிராகரித்தது. கட்சியின் பலமும் தேய்ந்தது. 1962-இல் 20 இடங்களே கிடைத்தன. 1963-இல் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார் ஜெய்பால். மாநில அமைச்சர் பதவி கிடைத்தது. அதுவும் சில நாட்களுக்குத்தான். தனி மாநிலம் கிடைக்கவில்லை. நம்பி நின்ற தொண்டர்களில் பலர் மனம் உடைந்தார்கள். அவர் வாழ்க்கையில் இன்றும் விமர்சிக்கப்படும் முடிவு அது. அதை மறைத்து அவர் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

1970 மார்ச் 20 அன்று டெல்லியில் அவர் காலமானார். அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, பிர்சா முண்டாவின் பிறந்த நாளான நவம்பர் 15 அன்று, 2000-ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது. பழங்குடி மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் உதவித்தொகை ஒன்றை அந்த மாநில அரசு அவர் பெயரில் நடத்துகிறது. ஒரு பாதிரியாரின் தயவால் அன்று ஒருவருக்குக் கிடைத்தது, இன்று அரசு உத்தரவாகப் பலருக்குக் கிடைக்கிறது.

நம் ஊர்களில் எஸ்.டி. சான்றிதழுக்காக கோட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்துக்கிடக்கும் இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காகிதத்தின் பின்னால் இருக்கும் உரிமை யாரும் போட்ட பிச்சை அல்ல. அரசியல் சட்டம் எழுதப்பட்ட அவையில், தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் அனுப்பப்பட்ட மக்களுக்காக எழுந்து நின்று வாதாடியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், ஒரு கோல்கூட வாங்காத அணியின் தலைவர்.